ஏடு தேடியவர் போன வழி

எங்கள் பள்ளியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கும் ஊருக்கும் நான் தமிழம்மா. செய்யாற்றுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியலைக் கொடுத்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிட்டுத்தான் படுப்பேன். இந்தக் கோடையில் ஒரு வாத்தியார் அலைந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

உ.வே.சாமிநாதையர் யார் என்று கேட்டால் பிள்ளைகள் ‘தமிழ்த்தாத்தா’ என்று ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். பாடப்புத்தகப் படத்திலும் தலைப்பாகை கட்டிய முதியவர்தான் இருக்கிறார். ஆனால் ஏடு தேடப் புறப்பட்ட காலத்தில் அவர் தாத்தா இல்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது வயது 25ஐ நெருங்கியிருந்தது. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது 32. கல்லூரிக்கு விடுமுறை விட்டால் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பரண்களைக் குடைந்த இளம் வாத்தியார் அவர். அந்த இளைஞரைத்தான் எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது.

உத்தமதானபுரம் பாபநாசத்தை அடுத்த சின்ன ஊர். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஊர் தோன்றிய கதையை அவரே தம் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திரம்’ தொடக்கத்தில் சொல்கிறார். தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அந்தத் தோஷம் நீங்க அமைத்ததுதான் இந்த அக்கிரகாரம்; 48 வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக 24 கிணறுகள். நினைவில்லத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் நடந்தேன். ஒரு திண்ணையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, “எங்கேருந்து வரே? உட்காரு, வெயில் தணியட்டும்” என்று மோர் கொடுத்தார். கிணறுகளைப் பற்றிக் கேட்டேன். “பாதியைத் தூத்துட்டா. எங்க கொல்லையிலே ஒண்ணு இருக்கு, வந்து பாரு” என்று அழைத்துப்போனார். செங்கல் கட்டிய வட்டக் கிணறு. அடியில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது.

அந்த ஊரில் அவர் அதிக நாள் இருக்க முடியவில்லை. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதம் பாடியும் இராமாயணக் கதை சொல்லியும் பிழைத்தவர். மகனுக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்ததும், பாடம் சொல்லக்கூடியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து அந்தந்த ஊருக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், பிறகு குன்னம், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஒரு பையன் யாப்பருங்கலக்காரிகை படிப்பதற்காக ஒரு குடும்பம் சட்டிபானையோடு ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. இப்போது பிள்ளைகளை நீட் பயிற்சிக்காக நாமக்கல்லுக்கு அனுப்புகிற பெற்றோரைப் பார்க்கிறேன். அவர்கள் படும் பாடும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தமிழுக்காக அப்படிக் கிளம்பிய ஒரு தகப்பனார் இருந்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கும்பகோணத்தில் மே மாதக் காவிரி வெறும் மணல். கல்லூரிக் கட்டடங்கள் கரையோரம் மர நிழலில் அமைதியாக இருந்தன. தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு இந்த இளைஞரைப் பரிந்துரைத்து அமர்த்திவிட்டுப் போனார். அந்த நன்றியை ஐயர் மறக்கவில்லை. பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்றே பெயர் வைத்தார். அவர் இந்தக் கல்லூரியை விட்டு 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். அடுத்த ஆண்டு இங்கே மாணவராகச் சேர்ந்தவர் கணித மேதை இராமானுஜன்.

ஆனால் நான் கும்பகோணத்தில் தேடியது கல்லூரியை அல்ல, ஒரு கேள்வியை. 1880 அக்டோபர் 21ஆம் தேதி, முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று வரிசையாக அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர், பட்டியல் நீளமானது. முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பயன் என்கிறார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் படித்ததுண்டா என்கிறார். ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. அன்று தமிழ் கற்றவர்கள் என்று பெயரெடுத்தவர்களிலேயே பெரும்பாலோர் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை.

பாடம் நடத்துகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். கல்லூரி வேலை கையில் இருக்கிறது, மாணவர் மதிக்கிறார்கள், திருவாவடுதுறை மடத்தில் மரியாதை இருக்கிறது. அவரோ முதலியார் கொடுத்த சிந்தாமணியைக் கையில் வாங்கிக்கொண்டு, தெரியாததைத் தெரிந்துகொள்ள வெளியே கிளம்பினார். அது சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதன் சமயக் கருத்துகள் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். ஒரு வீட்டு வாசலில் மாக்கோலமும் தோரணமும் இருந்தன. என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதமாகச் சிந்தாமணியைப் படிக்கக் கேட்டு அன்றுதான் முடித்தார்களாம். புலவர்கள் மறந்துபோன காவியம் அடுத்த தெருவில் வீட்டு விசேஷமாக உயிரோடு இருந்திருக்கிறது!

இந்தச் சம்பவத்தை முதன்முதலில் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஒன்று உறுதியாகிவிட்டது. மொழி ஆசிரியருக்குத் தெருதான் இரண்டாவது பள்ளிக்கூடம்.

கும்பகோணத்தில் இன்னொன்றும் பார்க்கக் கிடைத்தது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு சித்த வைத்தியரின் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். பரம்பரையாக வந்த மருத்துவச் சுவடி ஒன்றை மஞ்சள் துணியிலிருந்து பிரித்து வைத்தார். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், இரண்டு விரல் அகலம். துளையில் கோத்த கயிற்றைத் தளர்த்தி ஓர் ஓலையை என் பக்கம் தள்ளினார். “படிங்க டீச்சர், அவசரமில்லை” என்றார்.

இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு முதல் வரியைக் கடக்கவே நெடுநேரம் பிடித்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஏனென்றால் எழுத்தாணி அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். கால் எது, ரகரம் எது என்று இடம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, காற்புள்ளி இல்லை, செய்யுள் எங்கே முடிகிறது உரை எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் இல்லை. பெரியவர் விளக்குக்கரியை விரலில் தொட்டு ஓலைமேல் தடவித் துணியால் துடைத்தார். கீறலுக்குள் கரி இறங்கி எழுத்துகள் எழுந்து வந்தன. எலுமிச்சம்புல் தைலத்தின் வாசனை அறை முழுக்க இருந்தது. “இது பூச்சிக்குப் பிடிக்காது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போடணும். போடாம விட்ட வீட்டுலதான் எல்லாம் போச்சு” என்றார். ஓரத்தில் பூச்சி அரித்த இடம் ஒன்றிருந்தது. அந்த ஓட்டை நாலு எழுத்தைத் தின்றிருந்தது. ஒரு மருந்துச் சரக்கின் பெயர் போயே போய்விட்டது.

அந்தச் சின்ன ஓட்டையை நேரில் பார்த்தபின்தான் அவருடைய பயணங்கள் எனக்கு முழுதாக விளங்கின. ஒரு சுவடி கிடைத்தால் வேலை முடிவதில்லை. அதில் போன நாலு எழுத்துக்காக இன்னொரு சுவடி வேண்டும். அது எந்த ஊரில், எந்த வீட்டுப் பரணில் இருக்கிறதோ! கிடைக்கும் வரைக்கும் போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

திருவாவடுதுறையில் அதிக நேரம் தங்கவில்லை. திருமூலர் சமாதியான தலம். நாதஸ்வர மேதை இராஜரத்தினம் பிள்ளை பெயரோடு ஒட்டிய ஊர். மடத்தின் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் காலத்து மடமும் அதன் நூல்நிலையமும் இல்லையென்றால் ஐயர் உருவாகியிருக்க மாட்டார் என்பது மட்டும் அந்த மதில் நிழலில் நிற்கும்போது மனத்தில் ஓடியது.

மயிலாடுதுறையில் என் மனம் முழுக்க ஒரு கொல்லைப்புறம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் வீட்டுக் கொல்லையில், வேறிடத்தில் வளர்ந்த மரங்களைப் பெயர்த்து வந்து நட்டிருந்தார். அவை பிழைத்துக்கொண்டனவா என்று காலையில் ஒவ்வொன்றாகப் போய்த் தளிர் தேடுவது அவர் வழக்கம். புதிதாக வந்து சேர்ந்த பையன் இதைக் கவனித்தான். விடியுமுன் எழுந்து, எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டு, தனக்கும் பாடம் சொல்லவேண்டும் என்று மெல்லக் கேட்டான். ‘என் சரித்திர’த்தில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது. ஒரு மாணவன் ஆசிரியரின் மனத்துக்குள் எந்த வாசல் வழியாக வருவான் என்பதைக் கல்வியியல் பட்டப்படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்தக் கொல்லை எங்கே என்று நான் தேடவில்லை. தளிர் விட்ட மரம் எந்த வீட்டில் தெரிந்தாலும் நின்று பார்த்துக்கொண்டேன்.

மயிலாடுதுறையை ஒட்டியே தருமபுரம். பத்துப்பாட்டுப் பதிப்பு வேலையில் ஐயரை வாட்டிய இடம் குறிஞ்சிப்பாட்டு. கபிலர் பாடிய அந்தப் பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பட்டியல் வரும், 99 பூக்கள். கையிலிருந்த சுவடியில் அந்தப் பட்டியலின் நடுவே சில பூக்கள் விட்டுப்போயிருந்தன. கதை தடைப்படவில்லை, பொருளும் கெடவில்லை. சில பூப்பெயர் இல்லாவிட்டால் என்ன என்று வேறொருவர் அச்சுக்குக் கொடுத்திருப்பார். ஐயரால் முடியவில்லை. தருமபுரம் மடத்துக்கு வந்து சுவடிக் கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கிருந்த சுவடி ஒன்றில் அந்தப் பூக்கள் இருந்தன. அதை எழுதும்போது ‘உதிர்ந்த மலர்கள்’ என்று தலைப்பு வைத்தார். மடத்து வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கதம்பம் வாங்கிக்கொண்டேன். மரிக்கொழுந்து, சாமந்தி, கனகாம்பரம் என்று அவர் பெயர் சொல்லிக்கொண்டே கட்ட, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். “இதெல்லாமா எழுதுவாங்க?” என்று சிரித்தார். எழுதத்தான் வேண்டும் அம்மா என்றேன்.

மயிலாடுதுறையில் செங்கோட்டை வண்டி பிடித்தால் பகல் முழுக்க ஜன்னலோரம். டெல்டா முடிந்து, திருச்சிப் பாறைகள் கடந்து, விருதுநகரைத் தாண்டிக் கரிசல் வந்தது. ராஜபாளையத்துக்கு முன்பே மேற்கு மலை தெரிந்தது. சங்கரன்கோவிலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ்.

பால்வண்ணநாதர் கோயில் பெரியது. வரகுணராம பாண்டியன் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் ஆசையோடு இங்கே வந்தார். அரசன் வீட்டு ஏடுகள். எத்தனை அரிய நூல்கள் இருந்தனவோ. பொறுப்பில் இருந்தவரை விசாரித்தால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதென்று அப்படியே செய்துவிட்டார்களாம். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து இதைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெள்ளத்தில் போனதென்றால் விதி என்று சொல்லலாம். பக்தியோடு, முறைப்படி, ஒவ்வொரு கட்டாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்த ஒரே ஓர் ஆள் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். தமிழாசிரியர் என்று ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் எதற்கு இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கோயிலைத்தான் காட்டுவேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயிலில் ஆழ்வார்திருநகரி. தாமிரபரணி வற்றாத ஆறு. காவிரி மணலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அந்தத் தண்ணீர் பெரிய ஆறுதல். நம்மாழ்வாரின் ஊர். ஆதிநாதர் கோயிலுக்குள் அவர் இருந்த புளியமரத்தைச் சுற்றி வந்தேன். பிறகு தெருக்களில் நடந்தேன். கவிராயர்கள் வாழ்ந்த வீடுகள் எந்தப் பக்கம் என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். “இப்ப யாரு இருக்கா டீச்சரம்மா? அந்தக் காலத்துல தெருவுக்குத் தெரு கவிராயர் வீடுன்னு எங்க ஆச்சி சொல்லுவா. மழைக்கும் பாட்டு, கல்யாணத்துக்கும் பாட்டாம்” என்று சொல்லிப் பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

பத்துப்பாட்டுக்கு நல்ல சுவடி தேடி ஐயர் இந்த ஊருக்கு வந்தார். இலட்சுமண கவிராயர் வீட்டுச் சுவடிகள் முழுவதையும் பார்த்தும் பத்துப்பாட்டு இல்லை. அந்த வீட்டு ஏடுகளில் ஒரு பகுதி கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடம் போயிருப்பது பிறகு தெரிந்தது. மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு அவ்வளவாக இல்லை. விருந்தாளிக்காகக் கூச்சத்தை விட்டு மருமகன் கேட்கப் போனார். ஊரில் அன்று திருவிழா; பெருமாள் வீதியுலா வருகிறார். ஐயர் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு தெருவில் நிற்கிறார். மருமகன் ஏட்டோடு வருகிறார். விளக்குக்காகக்கூடக் காத்திருக்க ஐயரால் முடியவில்லை. நிலா வெளிச்சத்திலேயே பிரிக்கிறார். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டின் பெயர் கண்ணில் படுகிறது.

அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு என் சொந்த ஊர் நினைவு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1889இல் அவர் அச்சிட்ட பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் வழிகாட்டும் பாட்டுகள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவர் எதிரே வருகிறவரிடம் எந்தப் பாதையில் போனால் என்ன கிடைக்கும், எங்கே கால் வழுக்கும், யார் சோறு போடுவார் என்று விரிவாகச் சொல்லும் பாட்டுகள். அவற்றில் பெரியது 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். கூத்தர் கூட்டம் ஒன்றைச் செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் அனுப்பிவைக்கும் பாட்டு அது. செங்கண்மா இன்றைய செங்கம். வழியில் வரும் சேயாறுதான் எங்கள் செய்யாறு. தாமிரபரணிக் கரை வரை வந்து இவர் தேடிய தொகுப்புக்குள் எங்கள் ஆறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் போகாமல் இருந்திருந்தால், எங்கள் ஆற்றங்கரையில் தினைப்புனம் இருந்ததும், கூத்தர்கள் அந்த வழியாக வாத்தியக் கருவிகளைச் சுமந்து போனதும் எனக்குத் தெரிந்திருக்குமா?

ஐயர் 1940 தொடக்கத்தில் ஆனந்த விகடனில் ‘என் சரித்திர’த்தை வாராவாரம் எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் மறையும் வரை எழுதினார். 122 அத்தியாயங்கள், கதை 1899ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு திண்ணையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதுகூட அதில் வருகிறது. போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரம் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொன்னேன். பிறகு, வீட்டில் பரணில், டிரங்குப் பெட்டியில், பீரோ அடியில் கையால் எழுதிய பழைய தாள் எது இருந்தாலும் கேட்டு எடுத்துவரச் சொன்னேன். வரவுசெலவு நோட்டு வந்தது. மொய் நோட்டுகள் வந்தன. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தாத்தாவின் கூத்து நோட்டைக் கொண்டுவந்தான். தாத்தா கூத்து வாத்தியாராக இருந்தவர். கர்ண மோட்சம், நீல மையில் நெருக்கி எழுதியது. முதல் சில தாள்கள் நன்றாக இருந்தன. கர்ணனும் பொன்னுருவியும் பேசும் இடத்தில் ஒரு தாள் அரித்துப் போயிருந்தது. இன்னொரு நோட்டு தாத்தாவுக்குத் தாளம் போட்டவர் வீட்டில் இருக்கும் என்று பையனின் அம்மா சொல்லியனுப்பினார். அந்த வீடு செய்யாற்றுக்கு அக்கரையில் இரண்டு ஊர் தள்ளி இருக்கிறது. சனிக்கிழமை போகிறோம். நோட்டைப் பார்த்து எழுத நாலு பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பூச்சிக்குப் போட வசம்பும் வாங்கி வைத்திருக்கிறோம்.